குண்டூசி குத்திய கார்லிக் பிரெட்

தையல்காரருக்குக் கை நேர்த்தி அதிகம், வாய் நீளமும் அதிகம். கத்தரிக்கோலைப் பிடித்தால் ஒரு நூல் பிசகாது. வாயைத் திறந்தாலோ அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. அந்த வாயால்தான் மூன்று மாதமாக அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை பேச்சில்லாமல் கிடந்தது.

சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று பின்னாலேயே வரும். இது வேறு மாதிரி. அவர் மனைவி பேருந்து ஓட்டுபவள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து ஒரு காலில் காலணி இருக்கும்போதே கதையை ஆரம்பித்துவிடுவாள். மீன் தொட்டியோடு ஏறியவர், தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டு "ஏன் எழுப்பலை?" என்று சண்டை பிடித்தவர், சிவப்பு விளக்கில் நின்றபோது பேருந்தின் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்ட போலீஸ்காரர். அவர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே "ம்" கொட்டுவார். அந்த "ம்" கொஞ்சம் தாமதமானாலும் "கேக்கறீங்களா இல்லையா?" என்று அதட்டல் வரும்.

அப்படி அவள் கடைசியாகச் சொன்ன கதை கார்லிக் பிரெட் கதை. கூட வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில் செய்து டிப்போவுக்குக் கொண்டுவந்தாளாம். "பூண்டு வாசனை கேட்லயே தூக்குது. கடிச்சுட்டு இழுத்தா சீஸ் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லி இரண்டு கைகளையும் விரித்து, மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே தள்ளிவிட்டாள்.

அதற்கு மறுவாரம்தான் அந்த விருந்து. நடுவில் துருத்தி போல மடிப்பு வைத்து, இரண்டு பெட்டிகளைச் சேர்த்த நீளப் பேருந்து ஒன்று உண்டல்லவா, அதை ஓட்டும் தேர்வை அவள் எழுதியிருந்தாள். எழுதுவதென்ன, ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு முறையும் பின்பாதி, வழியில் அடையாளத்துக்கு வைத்த கூம்பை இடித்துவிட்டது. அவள் தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது யாரோ அதை விசாரிக்க, நம்முடைய ஆள் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா?

"முன்பாதியை இவ ஓட்டறா. பின்பாதியை யார் ஓட்டறதுன்னுதான் இன்னும் தெரியலை!"

மேசையே அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றையிலிருந்து "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "இருந்தது" என்றுதான் பதில் வரும். சாப்பாடு பரிமாறுவாள், மின்கட்டணம் பற்றிப் பேசுவாள், நல்ல தூக்கம் தூங்குவாள். கதை மட்டும் கிடையாது. அவர் தையல் மெஷின் பக்கத்தில் "ம்" கொட்ட எதுவும் இல்லாமல் வானொலியை வைத்துப் பார்த்தார். வானொலிக்கு "ம்" கொட்டுவது அவருக்கே அவமானமாக இருந்தது.

இன்று காலை அவள் வேலைக்குப் போன பிறகு மச்சான் போனில் அழைத்தான்.

"மாமா, அக்காவுக்கு இன்னைக்கு மூணாவது டெஸ்ட் ஆச்சே. நல்லபடியா பேசி அனுப்புனீங்களா?"

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அனுப்புனேன், அனுப்புனேன்" என்றார்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் தைக்காமல் உட்கார்ந்திருந்தார். தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுப்பவருக்குத் தெரியவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் இன்று மாலை வந்து "இருந்தது" என்றுதான் சொல்வாள். அதற்குப் பிறகு அந்த வாய் தனக்குத் திறக்கவே திறக்காது என்று அவருக்குத் தோன்றியது.

மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அதற்கும் வாயைத்தான் திறக்க வேண்டும், அவர் வாயை அவரே நம்பவில்லை. கையை நம்பலாம் என்று முடிவு செய்தார். நாலரைக்கு அவள் கதவைத் திறக்கும்போது பூண்டு வாசனை தூக்க வேண்டும்.

சமையலறையில் அவர் பங்கு இதுவரை டீ போடுவதோடு சரி. ஏர் ஃபிரையரைத் தொட்டதே கிடையாது. மச்சான் வாங்கிக்கொடுத்த கருவி அது. எண்ணெய் இல்லாமல் வெறும் காற்றில் எப்படிப் பொரியும் என்று ஒரு வருஷமாக அதன்மேல் அவருக்குச் சந்தேகம்.

முனைக்கடை பேக்கரிக்காரரிடம் யோசனை கேட்டார்.

"வெண்ணெயை உருக்கிடாதீங்க, வெளியில வெச்சு இளக விடுங்க. பூண்டைப் பொடிப்பொடியா நறுக்கி, உப்பு, கொத்தமல்லி போட்டுக் குழைச்சுத் தடவுங்க. மொஸரெல்லா சீஸைத் துருவி மேல தூவுங்க. நூத்தி எண்பது டிகிரி, அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்" என்றார் பேக்கரிக்காரர். "துருவித்தான் போடணும், மறந்துடாதீங்க."

"என்னய்யா, நாப்பது வருஷமா கோட்டுக்குக் கை வெச்சுத் தைக்கறேன். ரொட்டிக்குச் சீஸ் வைக்கத் தெரியாதா?" என்றார் தையல்காரர். வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா.

வீட்டுக்கு வந்து நீள ரொட்டியை எட்டுத் துண்டு போட்டார். அளவுநாடா வைத்துத்தான். எட்டும் ஒரே கனம். நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைக் கழுவி, பூண்டுப் பற்களை அதிலேயே பொடிப்பொடியாகக் கத்தரித்தார். வெண்ணெயை மூலைமுடுக்கு விடாமல் ஒரே சீராகத் தடவினார். இதுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது.

சீஸைத் துருவும் இடத்தில்தான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. ஒரு பிடி துருவிப் பார்த்தார். வெட்டி எறிந்த துண்டுத்துணிக் குப்பை போல இருந்தது. இதை மனைவிக்கு வைப்பதா? ரொட்டித் துண்டைக் காகிதத்தின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, அந்தக் காகிதத்தை அளவாக வைத்து, சீஸை மெல்லிய தகடுகளாகச் சீவி, ரொட்டியின் உருவத்துக்கு ஓரம் இம்மியும் பிசகாமல் கத்தரித்தார். ரொட்டிக்குச் சட்டை போட்ட மாதிரி அத்தனை கச்சிதம். ஒன்றைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டார்.

நாலு துண்டுகளைக் கூடையில் அடுக்கி உள்ளே தள்ளினார். ஏர் ஃபிரையர் உறுமியது. அரை நிமிஷத்தில் உள்ளே படபடவென்று சத்தம். கொடியில் காயும் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம், அவருக்குப் பழகிய சத்தம்தான். பிறகு ஒரு நாற்றம். பிறகு புகை.

கூடையை இழுத்தார். ரொட்டி நாலும் மொட்டையாகக் கருகிக் கிடந்தது. சீஸ் ஒன்றையும் காணவில்லை. குனிந்து அண்ணாந்து பார்த்தால், மேலே சூட்டுக் கம்பிச் சுருளில் நாலும் ஒட்டிக்கொண்டு பொசுங்கிக்கொண்டிருந்தன. மேலேயிருக்கும் விசிறி அடித்த காற்றில் அந்த அழகான தகடுகள் பறந்துவிட்டிருந்தன. துருவிய சீஸாக இருந்தால் வெண்ணெயில் பதிந்து சமர்த்தாகக் கிடந்திருக்கும்.

மணி மூன்று நாற்பது. பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களையெல்லாம் திறந்து, கம்பி ஆறியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்தபோது நாலு அடித்துவிட்டது. மிச்சம் நாலு ரொட்டி, நாலு தகடு. இப்போதாவது துருவியிருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் தைத்தவர் தலையில் அந்த யோசனை வரவில்லை. காற்றில் தூக்கும் துணியை என்ன செய்வோம்? ஊசி குத்தி நிறுத்துவோம்.

அவருடைய குண்டூசிகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் மொத்தம் பன்னிரண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் கவுனில் ஒரு ஊசி தங்கிவிட்டது. கீறல்தான், ஆனால் அந்த அலறலை அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டே ஊசி, தினமும் மாலை எண்ணிப் பார்த்துத்தான் டப்பாவை மூடுவார். அந்த வீட்டில் கதவைப் பூட்டாமல் தூங்கினாலும் தூங்குவார்கள், ஊசியை எண்ணாமல் தூங்கியது கிடையாது.

தலையில் பிளாஸ்டிக் மணி வைத்த ஊசியாக இருந்தால் உருகிவிடும், நல்லவேளையாக இவை பன்னிரண்டும் முழு இரும்பு. டப்பாவிலிருந்த ஊசிகள் அத்தனையையும் வெந்நீரில் போட்டு எடுத்து, எங்கெங்கே சீஸ் தளர்ந்து நிற்கிறதோ அங்கங்கே குத்தினார். எண்ணவில்லை. நேற்று மாலை எண்ணி மூடிய டப்பா, மத்தியானத்தில் அதை எதற்கு எண்ணுவது?

இந்த முறை சீஸ் அசையவில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் கூடையை இழுத்தபோது அவரே ஒரு கணம் நம்பவில்லை. ஓரங்கள் பொன்னிறம், நடுவில் கொப்புளித்துப் பொங்கிய சீஸ், வெண்ணெய் ஊறிய பூண்டு வாசனை. நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு சின்ன இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குத்திய இடமெல்லாம் இளகிய சீஸ் மூடிக்கொண்டு, ஒரு தழும்புகூடத் தெரியவில்லை. தட்டில் அடுக்கி மேசைமேல் வைத்தார். ஊசிகளைக் கழுவி டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

பதினொன்று.

மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். கூடையைக் கவிழ்த்தார், தரையைத் தடவினார், சட்டைக் காலரைப் பார்த்தார். வாசல் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"என்ன வாசனை இது?"

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே மேசைக்கு வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று அவள் முகத்தில் எட்டிப் பார்த்தது.

"எனக்கா? நீங்களா செஞ்சீங்க?"

ஒரு துண்டை எடுத்துக் கடிக்கப் போனாள். அதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார். பாய்ந்து அதைப் பிடுங்கித் தட்டையும் இழுத்துக்கொண்டார்.

"சாப்பிடாதே! அது... உப்பு கூடிப்போச்சு."

"பரவாயில்லை, குடுங்க."

"வேண்டாம். நல்லா வரலை. தூக்கிப் போட்டுடறேன்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. மெல்ல அதைக் கீழே இறக்கினாள். "சரி" என்றாள். எட்டிப் பார்த்தது உள்ளே போய்விட்டது. அன்று விருந்து மேசையில் சிரித்து முடித்த பிறகு அவள் முகம் எப்படி மூடிக்கொண்டதோ அதே மாதிரி மூடிக்கொண்டது. அன்று அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்று கண்ணெதிரே பார்த்தார். ஊசி விஷயத்தைச் சொன்னால் மானம் போகும். நாளைக்கே மச்சானுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தம் முழுக்கத் தெரியும், சாகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"உப்பெல்லாம் இல்லை. உள்ளே குண்டூசி இருக்கு."

"என்ன இருக்கு?"

"சீஸ் பறக்குது. அதனால ஊசி குத்தினேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணை மட்டும் காணோம். பன்னிரண்டு வெச்சேன். பதினொண்ணுதான் வந்தது."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். திரும்பியபோது அவள் முகம் கல்லாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்தாள்.

"தேடுங்க" என்றாள்.

தேடினார். முதலில் ஊசி பொறுக்கும் காந்தத்தைத் துண்டுகளின்மேல் ஓட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. சீஸுக்குள் ஆழப் புதைந்திருந்தால் காந்தத்துக்கு எட்டாதோ என்று ஒரு பயம். முதல் துண்டைப் பிய்த்தார். சீஸ் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவள் சொன்ன மாதிரியே. மற்ற நேரமாக இருந்தால் பூரித்துப்போயிருப்பார். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. விரலெல்லாம் சீஸ் நூல், மேசையெல்லாம் தூள். நெற்றி வியர்வையைத் துடைக்கப்போய்ப் புருவத்திலும் கொஞ்சம் சீஸ்.

"மெதுவா. அவசரப்படாதீங்க. ஓரத்தைப் பாருங்க" என்றாள் அவள், தேர்வு நடத்தும் அதிகாரி போல.

"பாக்கறேன்."

"முன்பாதியை நீங்க பாக்கறீங்க. பின்பாதியை யார் பாக்கறது?"

தையல்காரர் கை அப்படியே நின்றது. தன் சொல்லைத் தானே கேட்டார். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது அது கொஞ்சமும் சிரிப்பாக இல்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்களா, எனக்குத் தலை கால் புரியலை. உன் மூஞ்சியை நான் பாக்கவே இல்லை. தப்புதான். ரெண்டு தடவை தோத்து மூணாவது தடவை போறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். அதை எங்கிட்ட சொல்லக்கூட உனக்குத் தோணலை பாரு, அதுதான் என்னால தாங்க முடியலை."

அவள் எழுந்து மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

சீருடைச் சட்டையின் வலது தோள்பட்டைக்குப் பின்னால், கை சேரும் இடத்தில், தையல் நாலு விரல் நீளம் விட்டுப்போயிருந்தது. அதை இழுத்துப் பிடித்துக் குறுக்கே ஒரு குண்டூசி. முழு இரும்பு ஊசி.

"காலையில கிளம்பும்போதுதான் பாத்தேன். உங்களை எழுப்பி ஒரு தையல் போடச் சொல்லலாம்னு டப்பா வரைக்கும் வந்தேன்" என்றாள். "கேக்கப் பிடிக்கலை. நானே ஒண்ணை எடுத்துக் குத்திக்கிட்டேன்."

அப்படியானால் ரொட்டிக்குள் போனதே பதினொன்றுதான். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவரின் மனைவி, தையல் விட்ட சட்டையோடு தேர்வுக்குப் போயிருக்கிறாள். சீஸ் விரலோடு அந்த ஊசியைத் தொடப்போனவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ நான் தேடினப்பவே உனக்குத் தெரியும்."

"பன்னிரண்டுன்னு நீங்க வாயெடுத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அத்தனையையும் பிய்க்க விட்டே?"

"மூணு மாசம் காத்திருந்தேன். கொஞ்சமாவது சிரிக்க வேண்டாமா?" அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "சீஸுக்குக் குண்டூசி! ஐயோ, புருவத்தைத் துடைங்க முதல்ல!"

அவர் அசடு வழிந்துகொண்டு நின்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையைக் கழுவி, ஊசியை உருவி டப்பாவில் போட்டார். பன்னிரண்டு.

"ஆனா அந்த ஊசி இல்லேன்னா நான் இன்னைக்கும் காலிதான், தெரியுமா?" என்றாள் அவள், பிய்ந்து கிடந்த ரொட்டியில் பெரிய துணுக்காகப் பார்த்துப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு.

"அப்படின்னா பாஸா?"

"இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன். அவசரப்படக் கூடாது." நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "காலையில டிப்போவுக்குப் போனா, அதிகாரி புதுசு. கையில ஒரு குடை. வெளியில பாத்தா நல்ல வெயில்..."

தையல்காரர் சீருடையின் நீலத்துக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுத்து ஊசியில் கோத்தார். மிச்ச நூல் துண்டு ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். அது அவருடைய பழைய வழக்கம். வாயில் நூல் இருக்கும்போது அவரால் பேச முடியாது. அவளுக்குப் பின்னால் நின்று, தோள்பட்டைத் துணியைத் தூக்கிப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தார்.

"பழக்கதோஷம், கூம்பு வந்ததும் ஸ்டீயரிங் மேல கவிழ்ந்து முன்னாடியே பாக்கறேன். அதனாலதான் ரெண்டு தடவையும் விட்டது. இன்னைக்கும் முதல் கூம்புகிட்ட கவிழப் போறேன், துணி இறுகிச் சுருக்குன்னு ஒரு குத்து! நிமிந்துட்டேன். நிமிந்து உக்காந்தா கண்ணாடி முழுசா தெரியுது. பின்பாதி மொத்தமும் தெரியுது! அடப்பாவின்னு நெனச்சேன். ரெண்டாவது கூம்பு, மறுபடி குனியறேன், மறுபடி குத்து... கேக்கறீங்களா இல்லையா?"

"ம்" என்றார் அவர்.

"மூணாவது கூம்புல என்ன ஆச்சுன்னா, எங்கேர்ந்தோ ஒரு நாய்..."

"ம்."

அவள் ஒரு கையால் ரொட்டித் துணுக்கைத் தின்றுகொண்டு, மறு கையால் வளைத்து வளைத்துப் பேருந்து ஓட்டிக் காட்டினாள். அந்தக் கிழிசலுக்குப் பதினைந்து தையல் போதும். கதை முடியும்வரை அவர் தைத்துக்கொண்டே இருந்தார்.